மெஷினோடு போனவள்

ஆரோய்ட்டாவின் தையல் மெஷினை அவளுடைய நாத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது, ஆரோய்ட்டாவும் மெஷினோடு தோணியில் ஏறிப் போய்விட்டாள். எங்கள் அபையாங் தீவில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. செய்யக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

கேட்பதற்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு. புபுஸ். உறவுக்காரர் ஒருவர் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து, "உன்கிட்ட புபுஸ் கேக்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டால் பொருள் அந்தக் கணமே கை மாறிவிட்டது. மறுத்தவர்கள் உண்டு. எங்கள் ஊர் கொய்னாவாவில் ஒருவர் எப்போதோ ஒரு வாளியை இல்லையென்று சொன்னார். அவருடைய பேரன்மாரை இன்றைக்கும் வாளி வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறோம். எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்பவர் தானாகச் சொல்வதும் வழக்கமில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எல்லாவற்றையும்விட மோசம்.

ஆகவே மறைத்து வைக்கிறோம். புதுச் சட்டையைச் சேம்புக் குழிச் சேற்றில் ஒரு முறை முக்கி எடுத்த பிறகுதான் உடுத்துவது. சைக்கிள் வைத்திருப்பவர் சங்கிலியைக் கழற்றிப் பாய்க்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்குவார். ஆரோய்ட்டாவின் புருஷன் பவ்ரோவுக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. கேட்டால் கொடுத்துவிடுவான். கேட்க மறந்தவர்களுக்கு அவனே ஞாபகப்படுத்துவான்.

ஆரோய்ட்டா எங்கள் ஊர்க்காரி இல்லை. தெற்கே ஒனோடோவா தீவில் பிறந்தவள். மழை குறைந்த தீவு. அங்கே தென்னைகூட யோசித்துத்தான் காய்க்கும் என்பார்கள். அவளுடைய அப்பா பனாபாத் தீவில் பாஸ்பேட் வெட்டும் வேலைக்குப் போனவர். திரும்பி வரும்போது ஒரு கைமெஷினைத் தோளில் சுமந்து வந்தார். கறுப்பு உடம்பு, வயிற்றில் தங்க எழுத்து. பாட்டுக்குழுப் பெண்களுக்குச் சிபுட்டா தைத்துத்தான் அவள் அதில் கை பழகினாள். சிபுட்டா என்ற ரவிக்கையில் கழுத்தைச் சுற்றி நெருக்கமாகச் சுருக்கம் வர வேண்டும். தைத்தவளின் யோக்கியதை அந்தச் சுருக்கத்தில் தெரிந்துவிடும். அவள் வைக்கும் சுருக்கம் மீன் செதிள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும்.

பவ்ரோ அப்போது சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஒனோடோவாவில் இறங்கி அவர்கள் வீட்டு வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். "தண்ணிதானேன்னு குடுத்தேன். அப்புறம் அவன் கேக்கறதை நிறுத்தவே இல்ல" என்பாள் ஆரோய்ட்டா. கல்யாணமாகிக் கொய்னாவாவுக்கு வந்தபோது கையில் ஒரு பாயும் மெஷினும் மட்டும்.

இங்கே அவளுக்கு நிலம் கிடையாது. இரத்த உறவும் கிடையாது. மெஷின் இருந்தது. சில வருஷங்களில் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய முதுகின் அகலமும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யார் பிள்ளையாண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு முதலில் தெரியும், பிறகுதான் புருஷனுக்கு. எங்கள் பெண்கள் அவளிடம் கைலியைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தால் சும்மா வரமாட்டார்கள். கருவாடு வரும், தென்னம்பாகு வரும், வம்பு வரும். மூன்றையும் அவள் பதம் பார்த்து வாங்கிக்கொள்வாள்.

மெஷினையே கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆரோய்ட்டா முகம் சுளிக்காமல் மெஷினைத் தூக்கி அவர்கள் முன்னால் வைப்பாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. கைப்பிடிதான் எங்கேயோ விழுந்துபோச்சு."

கைப்பிடி அரிசி டின்னுக்குள் இருக்கும். கைப்பிடி இல்லாத மெஷினை யார் சுமந்துபோவது? மறுத்ததாகவும் ஆகாது. ஊருக்கு விஷயம் தெரியும். "தெற்கத்தி மூளை" என்று சிரித்துக்கொண்டோம்.

அவளுடைய ஒரே மகன் தமுவேரா ஜெர்மன்காரன் கப்பலில் மாலுமி. அவன் கப்பலேறிய பிறகுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் கினாய். எங்களிடையே பிள்ளையின் முதல் பிறந்தநாள் கல்யாணத்தைவிடப் பெரிது. அதற்கு வந்துவிடுவதாக அவன் சொல்லியிருந்தான். தாபுராவோவில் கவுன்சில் ஆபீஸ் டெலிபோனில் அவள் அவனோடு பேசினாள். அந்த டெலிபோனில் கத்தினால்தான் கேட்கும். அதனால் அவர்கள் பேசியது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, துணி அனுப்பியிருக்கேன். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அதுலயே தைச்சிடு. படகுல வரும்போது தூரத்துலேர்ந்தே எனக்குத் தெரியணும்."

"ஏண்டா, உங்கப்பன் மூஞ்சி மறந்துபோச்சா?"

"அப்பா மூஞ்சி தெரியும். பாப்பா மூஞ்சிதான் தெரியாது. கரையில நாலு பேர் நாலு புள்ளையோட நின்னு, நான் பாட்டுக்கு வேற புள்ளையத் தூக்கிட்டா?"

"உன் பொண்டாட்டி கையில இருக்கறதுதான் உன் புள்ளை."

"நம்ம ஊர்ல புள்ளை என்னைக்கும்மா பெத்தவ கையில இருந்துச்சு?"

குழந்தை அப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

துணி வந்தது. மஞ்சள் நிறத்தில் தட்டு அகலத்துக்குச் சிவப்புச் செம்பருத்திகள். பவ்ரோ பிரித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது" என்றான். "அதுக்குத்தானே அனுப்பியிருக்கான்" என்று அவள் அதை உடனே சுருட்டி அரிசிச் சாக்குக்குள் திணித்துவிட்டாள். அனுப்புகிறான் என்று ஊருக்குத் தெரியும், வந்து சேர்ந்தது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. தைத்து உடுத்திய துணியைக் கேட்பவர்கள் குறைவு. வெட்டாத துணிக்குத்தான் ஆபத்து.

மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கைப்பிடியை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயேரே வந்து நின்றாள். பவ்ரோவின் தங்கை. வடக்கே ரிபோனோ என்ற சிறுதீவில் வாழ்க்கைப்பட்டவள். பாதை வழியாக வந்திருந்தால் நாய்கள் குரைத்திருக்கும். அவள் கடல் பக்கமாகத் தோணியில் வந்திருந்தாள், புருஷன் தெபானோவோடு.

இளநீர் வெட்டினார்கள். தாழையிலையில் புகையிலை சுருட்டிக் கொடுத்தார்கள். மீன் எப்படி, காற்று எப்படி, கினாய்க்குப் பல் எத்தனை என்று பேச்சு போயிற்று. மயேரேயின் கண் மட்டும் ஒரே இடத்தில் இருந்தது.

"கைப்பிடி கெடைச்சிடுச்சு போல, அண்ணி."

"கெடைச்சுது."

"எங்கே இருந்துச்சு?"

"இருந்த எடத்துலதான்."

மயேரே புகையை விட்டாள். முழங்காலைச் சரிசெய்து உட்கார்ந்தாள். "அண்ணி, உங்ககிட்ட புபுஸ் கேக்கறேன். அந்த மெஷின்."

ஆரோய்ட்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. பவ்ரோ முந்திக்கொண்டான். "அதுக்கென்ன! எடுத்துக்கோ. இப்பதான் எண்ணெய் கூடப் போட்டா." பிறகு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோணியைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆரோய்ட்டா மெஷினைப் பழைய கைலியில் சுற்றினாள். நூல் கண்டுகளையும் ஊசிப் பெட்டியையும் எடுத்து மேலே வைத்தாள். பாதி மட்டும் கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தெபானோ அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தான். மயேரே பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் தலையில் ஒரு சாக்கோடு ஆரோய்ட்டா நடந்தாள்.

தோணிக்கு அருகில் வந்த பிறகுதான் தெபானோ திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, நீங்க எங்கே?"

"மெஷின் வருது இல்ல? அதுகூட."

"நாங்க மெஷினத்தானே கேட்டோம்?"

"அதைக் குடுத்துட்டேன். என்னை யாரும் கேக்கல, நானா வரேன். நாத்தனார் வீட்டுக்கு வர யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

தெபானோ மயேரேயைப் பார்த்தான். மயேரே கடலைப் பார்த்தாள். வருகிற விருந்தாளியை வராதே என்று சொல்ல எங்கள் பேச்சில் வார்த்தையே இல்லை.

"சாக்குல என்ன அண்ணி?"

"உக்கார்றதுக்கு" என்று அதைத் தோணியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பவ்ரோ முழங்கால் தண்ணீரில் நின்றான். "எப்ப வருவே?"

"மெஷினைக் கேளு" என்றாள்.

ரிபோனோவில் அவளை விருந்தாளிக்கு உரிய மரியாதையோடு நடத்தினார்கள். அதுதான் சிக்கல். புதுப்பாய் விரித்தார்கள். தலையில் பூவளையம் வைத்தார்கள். மீன் தலையை அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஊர்க்கூடத்துக்குக் கூட்டிப் போய்ப் பாடச் சொன்னார்கள். ஒனோடோவாப் பாட்டு ஒன்றைப் பாடினாள், மழை வராததைப் பற்றி. அதற்கு நிறைய அடிகள் உண்டு. ரிபோனோக்காரர்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்து, முடிந்ததும் நிம்மதியாகக் கை தட்டினார்கள்.

ஆனால் விருந்தாளி வேலை செய்யக் கூடாது. தேங்காயைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டார்கள். துடைப்பத்தை எடுத்தால் ஊரே பதறியது. மெஷின் மயேரேயின் மேடைவீட்டில், கூப்பிடு தூரத்தில் கூட இல்லை, கை நீட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டத்தான் முடியாது. சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு அவள் யோசித்தாள். துணியை வெளியே எடுத்து, இதைத் தைக்க மெஷினைக் கொஞ்சம் கொடு என்றால் கொடுத்ததைத் திரும்பக் கேட்டதாகிவிடும். துணியைக் கண்டால் மயேரே அதையும் கேட்பாள். பிறந்தநாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை தெபானோ ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்து வந்து முற்றத்தில் விரித்தான். ஏதோ கப்பலில் சரக்கு மூடியிருந்தது, மாட்டுத்தோல் கனம். சுதந்திர தினத்தன்று தோணிப் பந்தயம். போன தடவை அவனுடைய பாய் நடுக்கடலில் கிழிந்து, கிழிந்த பாயைப் பற்றிப் பக்கத்துத் தீவு நுவோடாயாக்காரர்கள் ஒரு பாட்டே கட்டியிருந்தார்கள். அது மெட்டும் நன்றாக அமைந்துவிட்டதால் ரிபோனோக் குழந்தைகளே அதைப் பாடித் திரிந்தன. இந்த முறை கிழியாத பாய் வேண்டும். மெஷின் வந்தது அதற்குத்தான்.

மயேரே தார்ப்பாயின் விளிம்பை மடித்து ஊசிக்கு அடியில் திணித்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். டக் என்று ஊசி முறிந்தது. ஆரோய்ட்டாவுக்குத் தன் பல் விழுந்தது போலிருந்தது. மயேரே வேறு ஊசி மாட்டினாள். மெஷின் முனகியது. மறுபடியும் டக்.

"மெதுவா சுத்தினா போவுமோ?" என்றான் தெபானோ.

"வேகமா சுத்தினாத்தான் போவும்" என்றாள் மயேரே.

ஆரோய்ட்டா எழுந்து போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தாள். முழங்காலைச் சரிசெய்தாள். "மயேரே, உன்கிட்ட புபுஸ் கேக்கறேன்."

இருவரும் நிமிர்ந்தார்கள். மெஷினைத் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்று மயேரேயின் முகத்தில் ஒரு பயம், கூடவே ஒரு சந்தோஷம். கேட்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டலாம்.

"அந்தத் தார்ப்பாய்" என்றாள் ஆரோய்ட்டா.

"எதுக்கு..." என்று ஆரம்பித்த மயேரே வார்த்தையை விழுங்கினாள். தார்ப்பாயை ஊசியிலிருந்து உருவி, மடித்து, அண்ணியின் மடியில் வைத்தாள். ஆரோய்ட்டா நன்றி சொல்லி அதைச் சாக்கின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆசனம் கொஞ்சம் உயர்ந்தது.

அன்று மாலை பதநீர் இறக்கத் தென்னையேறிய தெபானோ உச்சியிலிருந்து பாடினான். மரத்தின் மேலிருப்பவன் பாடியாக வேண்டும், கீழே குளிக்கும் பெண்கள் தெரிந்துகொள்வதற்காக. வழக்கமாகப் பழைய பாட்டுத்தான் பாடுவான். அன்றைக்குப் புதிதாக:

"ஒருத்திகிட்ட மெஷினிருக்கு, தைக்கத் துணியில்ல,
ஒருத்திகிட்ட துணியிருக்கு, தைக்க மெஷினில்ல,
நடுவுல ஒருத்தனிருக்கான், அவனுக்குப் பாயில்ல,
பாயில்லாத பயலுக்குத் தூக்கமும் இல்ல!"

பக்கத்து மரத்திலிருந்தவன் கடைசி அடியைப் பிடித்துக்கொண்டான். அடுத்த மரம். அதற்கடுத்த மரம். ரிபோனோவின் தென்னைகள் எல்லாம் பாடின. மயேரே வாளியை நங்கென்று வைத்தாள். ஆரோய்ட்டா சாக்கின்மேல் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ரகசியத்தை உடைத்தது மயேரேயின் பன்றி. மறுநாள் ஆரோய்ட்டா கிணற்றடியில் குளிக்கும்போது, அரிசி வாடைக்கு அது கட்டை அறுத்துக்கொண்டு வந்து சாக்கைக் கடித்து இழுத்தது. துணியின் நுனி அதன் பல்லில் மாட்டியது. பயந்துபோய் ஓடியது. மஞ்சள் துணி அவிழ்ந்து அவிழ்ந்து முற்றம், சேம்புக் குழி, ஊர்க்கூடம் எல்லாம் தாண்டிப் பன்றிக்குப் பின்னால் போயிற்று. ரிபோனோவில் அவ்வளவு செம்பருத்தியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஈரக் கைலியோடு ஆரோய்ட்டா ஒரு பக்கமிருந்து ஓடினாள். மயேரே மறுபக்கமிருந்து ஓடினாள். நடுவில் துணியின்மேலேயே இருவரும் சந்தித்தார்கள்.

"அண்ணி..."

"கேக்காதே."

"கேட்டாச்சு அண்ணி, மனசுல."

"மனசுல கேட்டது செல்லாது."

"சரி, வாயாலயே கேக்கறேன். உங்ககிட்ட புபுஸ். பாதி."

"பாதியா?"

"முழுசையும் கேக்கலாம். உங்க மூஞ்சியப் பாத்துப் பாதியாக் கொறைச்சிருக்கேன்."

ஆரோய்ட்டா துணியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுப்பவள் காரணம் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. சொன்னாள். தமுவேரா வருவதை, கரையில் எல்லோரும் ஒரே துணியில் நிற்க வேண்டியதை, அவன் குழந்தையின் முகத்தை இன்னும் பார்க்காததை.

மயேரே வாயில் கை வைத்தாள். "அவன் எனக்கு அண்ணன் மகன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினக் கேட்டிருப்பேனா?"

"நீ பாய் தைக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தார்ப்பாயைக் கேட்டிருப்பேனா?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கக்கூடாதே!"

"சொல்லவும் கூடாதே!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மயேரே சிரித்தால் மூச்சு நின்று நின்று வரும். ஆரோய்ட்டா அவள் முதுகில் தட்டினாள். ஆனாலும் கேட்டது கேட்டதுதான், வாயிலிருந்து வந்துவிட்டது. துணியைச் சரிபாதியாக மடித்து வெட்டினார்கள். தார்ப்பாய்க்கு எந்த ஊசியும் தாங்காது என்பதால் மயேரேயின் பாதி தோணிப்பாய்க்கு.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. விருந்தாளி வீட்டு வேலைதான் செய்யக் கூடாது, தன் துணியைத் தைத்துக்கொள்ளலாம் என்று ரிபோனோப் பெரியவர்கள் புகையிலை பிடித்து யோசித்துச் சொன்னார்கள். மயேரே கைப்பிடியைச் சுற்றினாள், ஆரோய்ட்டா துணியைத் தள்ளினாள். ஒரு சிபுட்டா, பிறகு பாயில் ஒரு மூட்டு, பிறகு ஒரு குழந்தைக் கவுன், பிறகு பாயில் ஒரு மூட்டு. மெல்லிய துணி என்பதால் பாயை இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. நாத்தனாரும் அண்ணியும் அத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினார்கள். பெரும்பாலும் பவ்ரோவைப் பற்றி.

தெபானோ வந்து பார்த்தான். "என் தோணிக்குப் பாவாடை கட்டறீங்களா?"

"பாவாடை கட்டினவ ஓடமாட்டாளா?" என்றாள் மயேரே. "நம்மள ஒண்ணாப் பாத்துட்டு எங்கப்பா கட்டையத் தூக்கிட்டு வந்தன்னைக்கு உன்னைத் தாண்டி நான் ஓடல?"

"அன்னைக்கு நான் உன்னை முன்னால விட்டேன்."

"விட்டான் பாருங்க அண்ணி!"

பாதித் துணியில் ஒரு குடும்பத்தையே மூட வேண்டும். ஆரோய்ட்டா தரையில் துணியை விரித்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆண்களின் சட்டைக் கைகள் முதலில் போயின. பிறகு முதுகு போயிற்று. முன்பக்கம் செம்பருத்தி, பின்பக்கம் அரிசிச் சாக்குத் துணி. "அவன் முன்னாலேர்ந்துதானே பாப்பான்? யாரும் திரும்பி நிக்காம இருந்தா சரி" என்றாள். குழந்தைகளுக்கு மட்டும் முழுதாகத் தைத்தாள். கினாயின் கவுனுக்குக் கழுத்தில் சிபுட்டாச் சுருக்கம் வைத்தாள். மயேரேயின் பேத்திக்கும் ஏறக்குறைய அதே வயது, அவளுக்கும் அப்படியே ஒன்று.

மெஷின் இப்போதும் ரிபோனோவில்தான் இருக்கிறது. தைக்க வேண்டுமென்றால் ஆரோய்ட்டா தோணியேறி அங்கே போகிறாள். போனால் சீக்கிரம் வருவதில்லை. பந்தயத்தில் செம்பருத்திப் பாய் மூன்றாவதாக வந்தது. ஆனால் நுவோடாயாக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாலாவதாக வந்தார்கள். தெபானோவுக்கு அது போதும்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் தமுவேரா வந்தபோது காற்று கிழக்கேயிருந்து நிதானமாக அடித்தது. கொய்னாவாக் கரையில் ஆரோய்ட்டாவின் ஆட்கள் எல்லோரும் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. பின்னால் நின்ற எங்களுக்கு அரிசிக் கம்பெனிப் பெயர்கள்தான் தெரிந்தன. தெபானோ மட்டும் தோணியைக் கொண்டு போய் உட்கடலின் நடுவில் இங்குமங்கும் ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தான்.

தலைநகர் தராவாவிலிருந்து வந்த படகு புள்ளியாகத் தெரிந்தபோதே அதில் ஒருவன் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினான். செம்பருத்திப் பாயைத்தான் அவன் முதலில் பார்த்தான். நம் வீட்டுத் துணிக்கொடியே மிதந்து வருகிறது என்று நினைத்தானாம். படகு நிற்கும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். காலில் செருப்பு இல்லை. கப்பல்காரன் பூட்ஸைத் தராவாவிலேயே ஒரு சித்தப்பா மகன் புபுஸ் கேட்டு வாங்கியிருந்தான். கடிகாரத்தை வேறொருவன்.

கரையேறி ஓடி வந்தான். அம்மாவைத் தாண்டினான். அப்பாவைத் தாண்டினான். மஞ்சள் கவுனில் ஒரு குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது. அப்படியே வாரியெடுத்துத் தலைக்குமேல் தூக்கினான். முகத்தோடு முகம் வைத்து அழுதுவிட்டான்.

"டேய்!" என்று மயேரே கத்தினாள். "அது என் பேத்திடா!"

தமுவேரா குழந்தையைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். அதே கவுன், அதே சுருக்கத்தோடு இன்னொரு குழந்தை ஆரோய்ட்டாவின் இடுப்பில் இருந்தது. யாரோ ஒரு முரட்டு ஆள் தங்கள் வரிசையில் புகுந்து பிள்ளை பிடிக்கிறான் என்ற முகத்தோடு அவனைப் பார்த்தது. அவன் பக்கத்தில் போனதும் வீறிட்டது. பன்றி சுடும் குழியிலிருந்து கரி முகத்தோடு ஓடிவந்த அவன் பெண்டாட்டி, நடந்ததைக் கேட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"எல்லாம் ஒரே துணியில இருக்கணும்னு சொன்னது யாரு?" என்றாள் ஆரோய்ட்டா.

"நான்தாம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையை நிதானமாக ஒரு முறை பார்த்தான். அப்பா, அத்தை, சின்னப் பிள்ளைகள். "எல்லாருக்கும் இருக்கு. எனக்கு எங்கே?"

ஆரோய்ட்டாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. ஊரில் எல்லோருடைய அளவும் தெரிந்தவள், துணி அனுப்பியவனுக்கு வெட்ட மறந்துவிட்டாள்.

அப்போதுதான் கரையேறிய தெபானோ இரண்டு கைகளாலும் தன் சட்டையைப் பொத்திக்கொண்டான். "என்கிட்ட மட்டும் கேக்காதே!"

"எல்லாரும் என்கிட்ட கேட்டாங்களே மாமா, நான் ஒரு தடவை கேக்கக்கூடாதா?"

பவ்ரோ எதையும் யோசிக்காமல் தன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். திரும்பியதில் முதுகுச் சாக்கு தெரிந்துவிட்டது. தமுவேரா அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு ஒவ்வொருவரையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் படித்தான். மூச்சு முட்டச் சிரித்தான்.

"போதும் படிச்சது" என்றாள் ஆரோய்ட்டா. "பாய்க்கு வெட்டினதுல மூலைத் துண்டு ரிபோனோவுல கெடக்கு. மெஷினும் அங்கேதான். தோணியில ஏறு. நாளைக்கு நீ மட்டும் வெறும் மேலோட நிக்கப் போறியா?"

"மெஷின் ஏன் அங்கே?"

"கேக்கக்கூடாது" என்றாள் மயேரே.

கினாயையும் தூக்கிக்கொண்டார்கள். அவள் அழுதுகொண்டே தோணியேறினாள். உட்கடலில் பாதித் தூரம் அழுதாள். தெபானோ பாய்க்கயிற்றைப் பிடித்தபடி, "அழுவட்டும் விடுங்க. பாயில கொஞ்சம் காத்து கொறைச்சலாத்தான் இருக்கு" என்றான். தமுவேரா எதிரே உட்கார்ந்து என்னென்னவோ முகம் செய்து பார்த்தான். ஜெர்மன் பாட்டு ஒன்று பாடினான். அழுகை கூடியது.

பாய் திரும்பியபோது ஒரு பெரிய செம்பருத்தி அவள் முகத்துக்கு நேராக வந்து படபடத்தது. கினாய் நிறுத்தினாள். பூவைப் பார்த்தாள், தன் கவுனைப் பார்த்தாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. பாட்டியின் மடியிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தாள். தோணி ஆடியது. பக்கத்தில் இருந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தமுவேரா மூச்சுவிடாமல் அவளைத் தூக்கிப் பாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். அவள் செம்பருத்தியை இரண்டு கையாலும் அடித்தாள். பாய் திருப்பி அடித்தது. மறுபடி அடித்தாள். கை ஓய்ந்ததும் இறங்கி அவன் மடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தமுவேராவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மெல்லக் கீழே பார்த்தான். கடலில் நனைந்திருந்த கப்பல்காரன் கால்சட்டை மறுபடி, இந்த முறை சூடாக, நனைந்துகொண்டிருந்தது.

"பாருடா" என்றான் தெபானோ. "இவ ஒருத்திதான் கேக்காமலே குடுத்திருக்கா."

"அசையாதே" என்றாள் ஆரோய்ட்டா. மகனுக்குப் பின்னால் முழங்காலிட்டு அவன் தோளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாணால் அளந்துகொண்டிருந்தாள். "அவ எழுந்துடப் போறா."